வெளுத்த தாளின் பாடு

கார்களுக்குப் பெயின்ட் அடிக்கும் லாசரின் மாஸ்க்குக்குள் இரண்டு பேர் குடியிருந்தார்கள். முன்னால் தூசி பிடிக்கும் முரட்டுத் துணி. பின்னால், கண்ணுக்கே தெரியாத நானோ இழைகளால் ஆன மெல்லிய தாள். பெயின்டில் கலக்கும் தின்னரின் ஆவி லாசரின் நெஞ்சுக்குள் போகாமல் பிடித்து வைப்பது தாளின் வேலை.

துணி இரண்டே நாளில் கரிச்சட்டியாகிவிடும். லாசர் உடனே மாற்றிவிடுவான். தாளோ எவ்வளவு ஆவியை விழுங்கினாலும் வெள்ளை வெளேரென்றே இருந்தது. அதில் அதற்குக் கர்வம் வேறு.

"உன்னை மாதிரி மூஞ்சியில அப்பிக்கிட்டு ஊரைக் கூட்ட எனக்குத் தெரியாதுடா" என்று துணியைக் குத்திக்காட்டும்.

ஒருநாள் தாளுக்குள் ஊசி குத்தவும் இடமில்லாமல் போயிற்று. ஆவி வந்து நின்றது.

"வழி விடுங்கண்ணே."

"எட்டி நில்லு! அவன் என்னை மாத்துற வரைக்குமாவது பொறு."

"பொறுக்கிறேன். ஆனா உங்களை யாரு மாத்துவா? புது மாப்பிள்ளை மாதிரில்ல இருக்கீங்க!"

தாள் பதறியது. லாசர் மாஸ்க்கைத் திறந்தபோது, "நிரம்பிட்டேன்யா, தூக்கி எறி!" என்று தொண்டை கிழியக் கத்தியது. அவன் காதில் எதுவும் விழவில்லை. கறுத்த துணியை வீசிவிட்டு, தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான்.

"நீதான்டா தங்கம்" என்று திரும்ப மாட்டினான்.

"வரேண்ணே" என்று தாளின் தோளைத் தட்டிவிட்டு ஆவி உள்ளே போனது.

லாசருக்கு இருமல் வந்தது. புதுத் துணிதான் சரியில்லை என்று அதைப் பிடுங்கி எறிந்தான்.