குழவியைச் சுமக்காத பெட்டி

வீடு மாறும் அவசரம். மெத்தை மேல் ஒரு சிப்ஸ் அட்டைப்பெட்டியை வைத்து, அதற்குள் ஊறுகாய் ஜாடியையும் அம்மிக்குழவியையும் ஒன்றாகத் திணித்து டேப் ஒட்டினார் வீட்டுக்காரர்.

"தள்ளிப் படுய்யா, நசுங்குறேன்" என்றது ஜாடி.

"எங்கே தள்ள?" என்றது குழவி. "இந்தப் பெட்டி சிப்ஸ் சுமந்து வளர்ந்த பயல். புது வீட்டு மாடிப்படியில கிழிஞ்சிடுவான். எனக்கு ஒண்ணும் ஆகாது. உன் கதை முடிஞ்சுது."

பெட்டிக்குச் சுருக்கென்றது.

"படி வரைக்கும் எவன் வர்றான்? கிழியறதுன்னா இங்கேயே கிழியறேன்."

"வீட்டுக்காரர் திட்டுவாரே?" என்றது ஜாடி.

"திட்டட்டும்."

அவர் தூக்கினார். ஒரு சாண் எழும்பியதுமே பெட்டி தன் அடியைத் தானே பிளந்துகொண்டது. இரண்டும் மெத்தையில் விழுந்தன. ஜாடிக்குக் கீறல்கூட இல்லை.

"உதவாத பெட்டி!" என்று அதை ஓர் உதை விட்டார். குழவியைச் சாக்கில் போட்டார். ஜாடியைப் போர்வையில் சுற்றித் தனியே வைத்தார். பெட்டியின் அடியை மறுபடி ஒட்டி, இரும்பு வாணலியை எடுத்து வந்தார்.

பெட்டி பக்கவாட்டிலும் கிழிந்து காட்டியது.

முணுமுணுத்துக்கொண்டே அதையும் ஒட்டி, இந்த முறை தலையணைகளை அடைத்தார்.

பெட்டி விறைத்து நின்றது.

"இப்போ தூக்குய்யா."