உடையாத எண்

"தூங்கட்டுமா அக்கா? கண்ணு சொருகுது."

"தூங்கினே, தொலைச்சிடுவேன்," என்றாள் புருலாய்.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்த குரல் மெல்லச் சிரித்தது. நாரின் ஊரில் தங்கை வீட்டுக் கல்யாணத்துக்கு வந்தவள் புருலாய். எல்லாரும் பெண்ணழைக்கப் போயிருந்தபோது நிலம் குலுங்கி, வீடு அவள்மேல் இடிந்து விழுந்துவிட்டது. தொடையை உத்தரம் அழுத்தியது. சுற்றிலும் இருட்டு. துணைக்கு அந்தக் குரல் மட்டும்தான். பெயர் ஜோலோன், ஆடு மேய்ப்பவன். இரண்டு காலும் கல்லுக்கடியில் மாட்டியிருக்கிறது என்றான்.

அவளுக்கும் உடம்பு சில்லிட்டு, தூக்கம் இதமாக இழுத்தது. ஆனால் அவள் பேச்சை விட்டால் அவன் தூங்கிவிடுவான். தூங்கினால் எழுந்திருக்க மாட்டான்.

"நீங்க என்ன வேலை பார்க்கறீங்க அக்கா?"

"ஓஷ் ஊர்ல காலேஜ் டீச்சர். கணக்கு."

"ஐயோ, கணக்குக்குப் பயந்துதானே நான் ஆட்டுப் பக்கம் போனேன்."

"அப்ப கேளு. ஏழு கோடியே முப்பத்தொன்பது லட்சத்து முப்பத்தொன்பதாயிரத்து நூத்தி முப்பத்து மூணு. ஒண்ணையும் அந்த எண்ணையும் தவிர வேற எதாலயும் வகுபடாது."

"சரியான பிடிவாதக்கார எண்ணு."

"கடைசி இலக்கத்தை வெட்டிப் போடு. மிச்சமும் வகுபடாது. இன்னொண்ணை வெட்டு. அப்பவும் வகுபடாது. வெட்டிக்கிட்டே வா. எழுநூத்தி முப்பத்தொன்பது, எழுபத்து மூணு, கடைசியில ஏழு. எங்கயுமே உடையாது."

அந்தப் பக்கம் சத்தமில்லை. புருலாய் பதறினாள். "ஜோலோன்?"

"இருக்கேன் அக்கா. உடம்பு சிலிர்க்குது. எழுநூத்தி முப்பத்தொன்பது நிஜமாவே உடையாதா? வகுத்துக் காட்டுங்க."

வகுத்தாள். ஏழால் வகுத்தால் நான்கு மிஞ்சியது. நாக்கு குழறியது. "அடுத்தது?" என்று விரட்டினான். பதின்மூன்றால் வகுத்தால் பதினொன்று. இருபத்து மூன்றால் வகுத்தால் மூன்று.

"அந்தப் பெரிய எண்ணுக்குப் பின்னாடி இன்னொரு இலக்கம் சேர்த்தா?"

"எதைச் சேர்த்தாலும் உடைஞ்சிடும். இந்த வகையில இதுதான் கடைசி. இதைவிடப் பெரிசு கிடையாது."

"யாரு அக்கா இப்படிச் செஞ்சு வச்சது?"

"யாரும் செய்யலை. எண்ணறதுக்கு ஆள் பிறக்கறதுக்கு முன்னாடியே இப்படித்தான் இருந்தது."

வருஷக்கணக்காக அவள் கரும்பலகையில் எழுதிப் போட்ட எண்தான். இந்த இருட்டில் முதல்முறையாக அது மலைபோல எதிரே நின்றது.

கடப்பாறைச் சத்தம் கேட்டது. தலைக்குமேல் வெளிச்சம் பிளந்தது. கைகள் நீண்டு வந்தன.

"என்னை விடுங்க. முதல்ல அந்தப் பக்கம் ஜோலோனை எடுங்க. ரெண்டு காலும் மாட்டியிருக்கு."

தூக்கியவர் விழித்தார். "அந்தப் பக்கமா? அது தெருவாச்சே அக்கா."

குல்லாவைக் கையில் பிடித்தபடி ஒருவன் முன்னால் ஓடி வந்தான். இரண்டு காலும் நன்றாகவே இருந்தன.

"மன்னிச்சிருங்க அக்கா. உங்களைத் தூங்கவிட்டா பிழைக்க மாட்டீங்கன்னு டாக்டர் சொன்னாரு. நானும் எவ்வளவோ கூப்பிட்டுப் பார்த்தேன். நான் சாகப்போறேன்னு சொன்னப்புறம்தான் நீங்க வாயையே திறந்தீங்க."