நாடு இருண்ட ஐந்து நிமிடம்

அண்ணாச்சி எங்கள் பிளாக் மொட்டைமாடித் தண்ணீர்த்தொட்டியின் மேல் ஏறி நின்றிருந்தார். கையில் போன்.

ஐம்பத்தெட்டு வயதில், அந்தத் தொந்தியோடு, சும்மா ஏறவில்லை. எதிர் பிளாக்கின் இருபத்து நான்கு வீடும் ஒரே படத்தில் விழ வேண்டும்.

ஏழு மணிக்கு ஐந்து நிமிடம் விளக்கணைத்து ஆதரவு காட்டச் சொல்லியிருந்தது அவருடைய கட்சி. 'நம் குடியிருப்பில் ஒரு சன்னல்கூட எரியாது' என்று காலையிலேயே வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டார்.

யாரையாவது கேட்டாரா என்றால், இல்லை. நாட்டுக்கே ஒரு மனசு. அது அவருக்குத் தெரியும்.

சகாயராணியை மட்டும் கேட்டார். எதிர் பிளாக்கில் அவருக்கு இரண்டு வீடு. ஒன்றில் அவர்; மற்றதில், இரண்டாம் மாடியில், வாடகைக்கு அவளும் இரண்டு பிள்ளைகளும்.

"எனக்கு உங்க கட்சி ஆகாது அண்ணாச்சி" என்றாள். வாசல் கேட்டில், நாலு பேர் காதில் விழ.

"சரிம்மா. பள்ளிக்கூடம் நடக்கிற நேரத்துல வேற வீடு கிடைக்கிறது கஷ்டம்லா" என்றார். சிரித்துக்கொண்டேதான்.

நான் காய்ந்த துணி எடுக்க மாடிக்குப் போனேன். அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

ஏழுக்கு ஒரு நிமிடம் இருக்கையில் எல்லாம் அணைந்தது. இரண்டு பிளாக்கும். தெருவிளக்கும். முக்குக் கடையும்.

ஜனங்களுக்கு அவ்வளவு ஆவல் என்று நினைத்திருப்பார்.

"பாத்தியளா, நாடே ஒண்ணா நிக்கு."

"ஆமா அண்ணாச்சி. தண்ணி மோட்டாரும் நின்னுட்டு."

அது அவர் காதில் ஏறவில்லை. படம் எடுத்தார். கரிச்சட்டிக்குள் எடுத்ததுபோல் இருந்தது. மறுபடி எடுத்தார். அதே சட்டி.

ஏழு இரண்டுக்குக் கரண்ட் வந்தது.

சன்னல் சன்னலாக வெளிச்சம். ஒருவரும் சுவிட்சைத் தொட்டிருக்கவில்லை. அவர் வீட்டு அடுக்களையும் எரிந்தது. அவர் மனைவி தோசை திருப்பிக்கொண்டிருந்தார்.

இருபத்து மூன்று. நான் எண்ணினேன்.

இரண்டாம் மாடியில் ஒன்று மட்டும் இருட்டாகவே இருந்தது.

அந்த இருட்டுக்குள்ளிருந்து ஒரு பிள்ளை லைட்டைப் போடச் சொல்லி அழுதது.

அண்ணாச்சி போனைத் திரும்பத் தூக்கினார். பிறகு இரண்டு விரலால் திரையை விரித்தார். எரிகிற சன்னல்கள் ஒவ்வொன்றாக ஓரத்துக்கு வெளியே போயின. அவர் வீட்டு அடுக்களையும் போயிற்று.

மிஞ்சியதைப் படம் எடுத்தார்.

'நாடே நம் பக்கம்' என்று எழுதி அனுப்பினார்.

படத்தில் அழுகை விழாது.