கலர் தாங்குமா?

"கார்டை மாட்டிட்டேன். இனிமே இந்த மெஷின் தாங்கறதும் தாங்காததும் அது தலையெழுத்து" என்று ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தான் ஜோயல்.

"வாயில நல்ல வார்த்தையே வராதா உனக்கு?" என்றாள் அவன் மனைவி செந்தாமரை.

வடக்குப்பட்டில் அவள் நடத்தும் கம்ப்யூட்டர் சென்டர் என்பது ஒரு அறை, ஒரு கம்ப்யூட்டர், அவ்வளவுதான். அதுவும் ஏதோ கம்பெனி ஆபீஸில் கழித்துக்கட்டியது. கறுப்புத் திரையில் பச்சை எழுத்தைத் தவிர வேறு எதையும் காட்டாது. படப்பையில் கலர் கம்ப்யூட்டரோடு புது சென்டர் திறந்த நாளிலிருந்து, அவளிடம் படிக்கும் ஐந்து பெண்களின் மனசும் அங்கே ஓடிவிட்டது. சனிக்கிழமைக்குள் கலர் வராவிட்டால் கிளம்பிவிடுவதாகச் சொல்லியும் விட்டார்கள். அவர்கள் போனால் சென்டருக்குப் பூட்டுதான்.

மெட்ராஸில் கம்ப்யூட்டர் ரிப்பேர் வேலை பார்க்கும் ஜோயல், முதலாளியிடம் கெஞ்சிக் கூத்தாடி ஒரு கலர் கார்டும் மானிட்டரும் வாங்கி வந்திருந்தான். சரிப்படாவிட்டால் திங்கட்கிழமை திருப்பித் தந்துவிட வேண்டும்.

சுவிட்சைப் போட்டான். சிவப்பு வந்தது. நீலம் வந்தது. செந்தாமரை சின்னக் குழந்தை மாதிரி கைதட்டப் போனாள். அதற்குள் டியூப்லைட் மங்கியது. திரை சுருங்கி, இரண்டு முறை கண் சிமிட்டி, அணைந்தே போனது. எதிர் வயலில் நாகப்பனின் மோட்டார் ஓடத் தொடங்கிய சத்தம் கேட்டது.

"பவர் சப்ளை பழசு. கார்டு ஏறினதுலயே அது மூச்சு வாங்குது. பெரியவர் மோட்டார் போட்டா வோல்டேஜ் இறங்கிப் படுத்துக்குது. கிளாஸ் நடக்கற ஆறிலேர்ந்து எட்டு வரைக்கும் மோட்டாரை நிறுத்தச் சொல்லு. போதும்."

"அந்த வூட்டு ஆளுங்ககிட்ட நான் போய் நிக்க மாட்டேன்."

"சரி, நான் போறேன்."

"போ. நல்லா வாங்கிக் கட்டிக்கினு வா."

இரண்டு வீட்டுக்கும் இரண்டு வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. தெருவில் எதிரே வந்தால் நாகப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வேறு பக்கம் பார்ப்பார். செந்தாமரை மட்டும் என்ன, லேசுப்பட்டவளா? அவள் அதற்கு முன்பே முகத்தைத் திருப்பியிருப்பாள்.

மறுநாள் சாயந்திரம் ஜோயல் வரப்பில் போய் நின்றான். நாகப்பன் முழங்கால் சேற்றில் நின்று மடை திறந்துகொண்டிருந்தார்.

"ஐயா, ஒரு உதவி..."

"இங்க யாரோ பேசற மாதிரி கீது" என்றார் நாகப்பன், மண்வெட்டியைப் பார்த்து.

ஜோயல் விடவில்லை. கார்டு, வோல்டேஜ், படப்பைக்குப் போகவிருக்கும் பெண்கள் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தான்.

"மோட்டாருக்கு மூணு பேஸ் கரண்டு ஆறு மணிக்கு வுட்டு ஒம்பதுக்குப் புடுங்கிடறான். அதுல ரெண்டு மணி நேரம் உனக்குக் குடுத்துட்டா, என் நெல்லுக்குத் தண்ணி உன் டப்பாவா ஊத்தும்?"

"இல்லன்னா சென்டரை மூடணும் ஐயா."

"மூடட்டும்" என்று குனிந்துகொண்டார்.

சனிக்கிழமை ஐந்து பெண்களும் வந்து உட்கார்ந்தார்கள். ஆபீஸில் மூலையில் கிடந்த ஒரு ஸ்டெபிலைசரைத் தூக்கி வந்திருந்தான் ஜோயல். அதன் மேல் அவனுக்கே நம்பிக்கை இல்லை. செந்தாமரை சுவிட்சைப் போட்டாள்.

ஆறரை ஆனது. ஏழானது. கலர் அசையவில்லை. ஸ்டெபிலைசர் போட்ட இரைச்சலில் வெளிச் சத்தம் எதுவும் காதில் விழவில்லை. ஷெர்லின் என்ற பெண் திரையில் ஒரு வீடு வரைந்து, கூரைக்குச் சிவப்பும் கதவுக்கு மஞ்சளும் அடித்தாள்.

"மிஸ், நாங்க படப்பைக்குப் போவல. இங்கயே இருக்கோம்" என்றாள்.

எட்டு மணிக்குப் பெண்கள் கிளம்பியதும் ஜோயல் ஸ்டெபிலைசரைத் தட்டிக்கொடுத்தான்.

"பாத்தியா? எல்லாம் இந்த ராசா பண்ண வேலை. பெரியவர் மோட்டார் ஓடியும் அசையலையே."

வாசலில் செருமல் கேட்டது. நாகப்பன் நின்றிருந்தார். தோளில் மண்வெட்டி. தினமும் இந்நேரத்துக்கு முழங்கால் வரை சேறாக இருக்கும் கால்கள், பொட்டு ஈரம் இல்லாமல் காய்ந்து கிடந்தன. ஜோயல் ஸ்டெபிலைசரின் மேலிருந்து கையை எடுத்துக்கொண்டான்.

"பொண்ணுங்க எல்லாம் போயிடுச்சுங்களா?" என்று நிலைப்படியைப் பார்த்துக் கேட்டார் நாகப்பன். "மோட்டார் போடலாமா? தினம் எட்டிலேர்ந்து ஒம்பது வரைக்கும் ஓடினா போதும் எனக்கு."

செந்தாமரை எழுந்து வாசலுக்கு வந்தாள்.

"போட்டுக்கோ" என்றாள். ஜோயலைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து, இந்த இரண்டு வருஷத்தில், தன் அப்பாவிடம் அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான்.