அவகாசம் உள்ளவள்

"அம்மா, அவகாசின்னா அவகாசம் உள்ள ஆளா?"

பூட்டிக் கிடந்த செல்லையன் வீட்டுக் கதவில் ஒட்டியிருந்த மலையாள நோட்டீசை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு சுமி ஒருநாள் கேட்டாள். அப்போது அவள் சின்னப் பிள்ளை.

வாரிசைத்தான் மலையாளத்தில் அப்படி எழுதியிருந்தது. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். தாய் சுகுமாரி சிரிக்கவில்லை.

பக்கத்து வீட்டுச் செல்லையன் ஒண்டிக்கட்டையாகவே வாழ்ந்து இறந்தவர். அடகில் இருந்த வீட்டை வங்கி ஏலம் விட்டது. தனி ஆளுக்கு அவ்வளவு கடன் எதற்கு என்று ஊரில் ஒருவருக்கும் புரியவில்லை. கடன் போக மிஞ்சிய பணம் நெய்யாற்றின்கரை கோர்ட்டில் கிடந்தது. உரியவர் வராவிட்டால் அது சர்க்காருக்கு.

அவருக்கு ஒரு தங்கை உண்டு. வீட்டோடு பிணங்கி, எல்லைக்கு அப்புறம், தமிழ்நாட்டில் யாரையோ கட்டிப்போனவள். சுகுமாரிக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஊர் மாறினாலும் அவள் கிறிஸ்தவ சபை மாறியிருக்க மாட்டாள் என்று நம்பினாள்.

திங்கள்தோறும் செங்கல் என்ற ஊர்க் கோயிலில் சிவனைக் கும்பிடுகிறவள், ஞாயிறுதோறும் பஸ் ஏறினாள். ஒவ்வொரு சர்ச்சாகக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். ஆராதனை முடிந்ததும் வாசலில் நின்று விசாரித்தாள்.

வக்கீல் குமாஸ்தா ஷிபு பஸ் ஸ்டாப்பில் சீண்டினான். "அக்கா, ஞானஸ்நானம் என்னைக்காக்கும்? பேசாம தங்கச்சி நான்தான்னு ஒரு ஒப்பு போடுங்க. பாதிக்குப் பாதி."

"எனக்கு அவகாசம் உண்டு மக்கா."

பங்குக்கு உரிமை உண்டு என்கிறாள் என்று மலையாளத்தில் எடுத்துக்கொண்டு அவன் முகம் மலர்ந்தான். நேரம் உண்டு என்று அவள் தமிழில் சொல்லியிருந்தாள். பஸ் வந்தது, ஏறிவிட்டாள்.

நாலாம் வருஷம், கருங்கல் பக்கத்தில் ஒரு சர்ச் வாசலில், செல்லையனின் அதே கூட்டுப் புருவத்தோடு ஒரு பெண் நின்றாள். சிஜி. அந்தத் தங்கையின் ஒரே மகள். தாய் இறந்து வெகுநாளாகியிருந்தது.

பணம் சிஜிக்கே என்று கோர்ட் தீர்த்த அன்று, இருவரும் ஒரே பஸ்சில் திரும்பினார்கள். அலைந்த களைப்பில் சிஜி ஜன்னலில் சாய்ந்து தூங்கிப்போனாள்.

பாறசாலை நெருங்கியது. சுகுமாரி இறங்க வேண்டும்.

இத்தனை வருஷம் சீட்டுக் கட்டி வாங்கிய இரண்டு தங்க வளையல்களையும் கழற்றினாள். கைக்குட்டையில் முடிந்து, சிஜியின் பைக்குள் அடியில் வைத்தாள்.

சுமி கைக்குழந்தையாக இருந்தபோது அவள் இருதயத்தில் ஓட்டை இருந்தது. அதை அடைக்கத்தான் செல்லையன் தன் வீட்டுப் பத்திரத்தை வங்கிக்குக் கொண்டுபோனார். யாரிடமும் சொல்லாதே என்றிருந்தார்.

ஜிப்பை ஓசைப்படாமல் இழுத்து மூடிவிட்டு, சுகுமாரி இறங்கினாள்.