ப்ளஸ் டூ தாதாவுக்கு ஒரு ஸ்டார்

கற்பகம் ராட்டையில் தறிக்கு நூல் தார் சுற்றிக்கொண்டிருந்தாள். வலது கை சக்கரத்தில், இடது கை பட்டு இழையில். கால் கட்டைவிரலில் குழந்தையின் தூளிக் கயிறு.

பக்கத்து வீட்டு லீலா போனும் கையுமாக வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"ப்ளஸ் டூ தாதாவுக்கு என்னென்ன கமெண்ட் போட்டுகிறாங்க பாரு கற்பகம்."

போனில் தொடராக வரும் கதை அது. மாஃபியா தலைவனின் மகன் ப்ளஸ் டூ படிக்க வருகிறான். பக்கத்து பெஞ்சு மிருதுளா மேல் அவனுக்குக் காதல். போன பாகத்தில் அவளை மாடி ரூமில் வைத்துப் பூட்டிவிட்டான். தெருவில் பாதிப் பெண்கள் அதைப் படித்தார்கள். எழுதுவது யாரென்று ஒருத்திக்கும் தெரியாது.

லீலா ஒவ்வொன்றாக வாசித்தாள். ஹீரோ வேற லெவல் என்றது ஒன்று. ஸ்கூல் பைக்குள் துப்பாக்கி இருக்கே, டீச்சருங்க என்ன தூங்கறாங்களா என்றது ஒன்று. முக்கால்வாசிப் பேர், அடுத்த பாகத்தில் மிருதுளா அவனுக்குச் சரி சொல்லிவிட வேண்டும் என்று கெஞ்சியிருந்தார்கள்.

"இதைக் கேளு. 'எழுதுறவங்க ஸ்கூல் பக்கம் போனதே இல்லைபோல. ஒரு ஸ்டார்.'"

இழை அறுந்தது. கற்பகம் குனிந்து முடிச்சுப் போட்டாள். அவள் எட்டாவதோடு நின்றவள்.

மொச்சை உரித்துக்கொண்டிருந்த மாமியார் காத்தாயி நிமிரவே இல்லை.

"ஒரு பொண்ணை மாடி ரூம்ல வெச்சுப் பூட்டிட்டு, ஆசைன்னு சொல்றவனுக்கெல்லாம் கதையா? அவ சரின்னு வேற சொல்லணுமா? எழுதறவ எவளோ, அவ கையில போனைக் குடுத்தவனை மொதல்ல உதைக்கணும்."

"கதைதானே பெரிம்மா" என்று லீலா சிரித்தாள். இந்த ஆளோடு பேசிப் பிரயோஜனமில்லை என்கிற மாதிரி கற்பகத்தைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு எழுந்து போனாள்.

போனைக் கொடுத்தவன் அவள் புருஷன் பார்த்திபன். எழுதுபவள் அவளேதான்.

எழுதுகிறாள் என்றுகூடச் சொல்ல முடியாது. கைக்கு ஓய்வேது? இயர்போன் மைக்கை வாயோரம் வைத்துக்கொண்டு சொல்லுவாள், போன் அதை எழுத்தாக்கிக்கொள்ளும். அதுவும் உள்ளே தறி ஓடும்போது மட்டும்தான். அந்தச் சத்தத்தில் தன் குரல் யாருக்கும் கேட்காது என்று தைரியம். தறி நின்றால் அவளும் நிறுத்திவிடுவாள்.

மாமியாருக்குத் தெரிந்தால் போன் போய்விடும். போன் போனால் கதையும் போச்சு. இந்த வீட்டில் அவளுக்கென்று இருப்பது அது ஒன்றுதான். அவர்களாகக் கண்டுபிடித்து அசிங்கப்படுவதைவிட, தானே மொத்தத்தையும் அழித்துவிட்டால் என்ன?

காத்தாயி மொச்சைத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கற்பகம் போனை எடுத்தாள். 'அழிக்கவா?' என்று அது கேட்டது. விரலைக் கொண்டுபோனாள்.

உள்ளே தறி ஓட ஆரம்பித்தது. டடக், டடக்.

விரல் நின்றது. இத்தனை மாதப் பழக்கம், மைக் தானாக வாய்க்கு வந்துவிட்டது. கடைசியாக ஒரு பாகம், அப்புறம் அழித்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டு ராட்டையைச் சுற்றினாள்.

"மிருதுளா அழவில்லை. மாடி ரூம் கதவுகிட்ட போனாள். 'எனக்கு நாளைக்கு கெமிஸ்ட்ரி பரீட்சை இருக்குது. கதவைத் தொறடா' என்று சொன்னாள்..."

மேலே என்ன சொல்வது என்று யோசிப்பதற்குள் வாசலில் பைக் வந்து நின்றது. காலையில் தறியில் இருந்த பாவு நூல் முடிந்து, கடைசிச் சேலையை அறுத்து எடுத்துக்கொண்டு முதலாளி கடைக்குப் போன பார்த்திபன், சுருட்டிய புதுப் பாவைத் தோளில் சாய்த்துக்கொண்டு இறங்கினான்.

"இவ்ளோ நேரம் உக்கார வெச்சுட்டு இப்பத்தான் பாவைக் குடுத்தாரு. பேஜாரு. இனிமே பழைய இழையோட ஒண்ணொண்ணா பிணைச்சு, நாளைக்குத்தான் தறி ஓட்டணும்."

நாளைக்கா? பாவு தீர்ந்த தறி இப்போது எப்படி ஓடும்?

கற்பகத்தின் கை ராட்டையில் அப்படியே நின்றது. உள்ளே தறி ஓடிக்கொண்டுதான் இருந்தது.

மெல்ல எழுந்து போய் எட்டிப் பார்த்தாள்.

தறியில் பாவு இல்லை. பழைய இழைகளின் நுனிகள் முடிச்சுப் போட்டுத் தொங்கின. அந்த வெறும் தறியில் உட்கார்ந்து காத்தாயி மிதியை மிதித்து, பலகையை ஓங்கி ஓங்கி அடித்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை, என்ன பண்றீங்க?"

காத்தாயி திரும்பவில்லை. "கல்யாணம் ஆனதுலேர்ந்து இந்தச் சத்தத்துலதான் உக்காந்துகினு இருக்கேன். தெருவுல ரகசியம் பேசினாலே காதுல விழும். வாசப்படிகிட்ட உக்காந்துகினு நீ பேசறது விழாதா?"

கற்பகத்தின் கை காதிலிருந்த இயர்போனுக்குப் போனது.

"சத்தம் நின்னா நீயும் நின்னுடற. லீலா வேற கண்டதைப் படிச்சிட்டுப் போயிட்டா. இன்னிக்குப் பாத்து பாவு இல்ல, நான் என்ன பண்ணட்டும்?"

காத்தாயி காலை எடுத்தாள். தறி நின்றது. வீடே அமைதியானது. அவள் இப்போதுதான் மருமகளைத் திரும்பிப் பார்த்தாள்.

"கதவைத் தொறடான்னாளே. தொறந்தானா, இல்லியா?"

கற்பகம் தொண்டையைச் செருமினாள். தறிச் சத்தம் இல்லாமல் அந்தக் கதையில் ஒரு வார்த்தைகூட அவள் வாயில் இதுவரை வந்ததில்லை.

"அவன் தொறக்கல அத்தை. அவளே ஜன்னல் வழியா..."

"கற்பகம், பாவு கனமா கீது, வந்து ஒரு கை புடி" என்று வாசலிலிருந்து பார்த்திபன் கூப்பிட்டான்.