சாகும்போது சொல்ல வேண்டியது

பாலக்கோடு கல்லூரியில் பழைய ஆங்கில நாடகமொன்றைத் தமிழில் ஒத்திகை பார்க்கிறார்கள். சேர்த்துப் போட்ட பெஞ்சுகள்தான் கட்டில். சந்தேகக்காரக் கணவனாக நடிக்கும் மாதேஷ், மனைவியாக நடிக்கும் யுவராணியின் முகத்தில் தலையணையை அமுக்கிவிட்டு விலகுகிறான். அதிலிருந்த தேங்காயெண்ணெய் வாசம் அவள் மூக்கைவிட்டுப் போகவில்லை. ஜன்னல் வெயிலில் கண் கூசுகிறது. வெளியே தக்காளி லாரி ஹாரன் அடிக்கிறது. "அம்மா, யாரு இப்படிப் பண்ணுனது?" என்று பணிப்பெண் வேஷக்காரி பதறுகிறாள். "'யாருமில்ல, நானேதான்'னு சொல்லிட்டு அடக்கமாச் செத்துப்போம்மா. அதான் பத்தினி," என்கிறார் வாத்தியார். "எங்கக்காவும் ஆஸ்பத்திரியில, படியில வழுக்கி வுழுந்துட்டேன்னு சொல்லிட்டுத்தாங்க சார் செத்துச்சு," என்றபடி யுவராணி எழுந்து உட்கார்ந்து, அவிழ்ந்த பின்னலை முதுகுக்குத் தள்ளுகிறாள். "இன்னொருக்காக் கேளுடி." பணிப்பெண் வேஷக்காரி மறுபடி கேட்கிறாள். யுவராணியின் விரல் மாதேஷுக்கு நேராக நீள்கிறது. "எம் புருசன்தான்."